400 கிலோமீட்டருக்கு எது சரி: ஜெட்டா, புரொப்பெல்லரா?

இரண்டு சிறிய விமான நிலையங்களுக்கு நடுவே எவ்வளவு தூரம் என்று தேடினால், 400 கிலோமீட்டர், பறக்கும் நேரம் அரை மணி என்று வரும். டிக்கெட்டிலோ ஒரு மணி பத்து நிமிடம் போட்டிருக்கும். இரண்டுமே பொய் இல்லை. முதலாவது, பூமி உருண்டை மேல் நூல் பிடித்து அளந்த தூரத்தை ஜெட் வேகத்தால் வகுத்த கணக்கு. இரண்டாவது, விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதில் தொடங்கி, போன ஊரில் ஓரங்கட்டி நிற்கும் வரை ஆகும் நேரம்.

இந்த மாதிரி வழித்தடங்களில் பெரும்பாலும் ஏ320 போன்ற ஜெட் இருக்கும், இல்லையென்றால் ஏடிஆர் 72 போன்ற புரொப்பெல்லர் விமானம். ஜெட் மணிக்கு 830 கிலோமீட்டர் வரை போகும், ஏடிஆர் 500 சொச்சம். ஜெட் எங்கேயோ போயிருக்க வேண்டுமே?

போகாது. அந்த வேகம் ஜெட்டுக்கு உயரத்தில் ஏறிய பிறகுதான் வரும். இறங்குவதற்கு விமானிகள் ஒரு கைக்கணக்கு வைத்திருக்கிறார்கள்: ஆயிரம் அடிக்கு மூன்று கடல் மைல். 35,000 அடியிலிருந்து இறங்க 105 கடல் மைல், அதாவது 195 கிலோமீட்டர் வேண்டும். ஏறுவதற்கும் கிட்டத்தட்ட அவ்வளவு. 400 கிலோமீட்டர் அதோடு தீர்ந்தது! அதனால் குட்டிப் பயணங்களில் ஜெட் அவ்வளவு உயரம் போவதே இல்லை. போதாக்குறைக்கு, பல நாடுகளில் 10,000 அடிக்குக் கீழே 250 நாட், அதாவது மணிக்கு சுமார் 460 கிலோமீட்டர்தான் உச்சவரம்பு. கீழே இருக்கும் வரை இரண்டும் ஒரே வேகம் மாதிரிதான். என் கணக்கில் மிச்சமாவது பதினைந்து, இருபது நிமிடம்.

அந்த மிச்சமும் இறங்கும்போது கரைந்துவிடும். ஏடிஆரில் எழுபது பேர், ஜெட்டில் நூற்றெண்பது பேர் வரை. எல்லாரும் எழுந்து பெட்டி எடுத்து நகர்வதை நினைத்துப் பாருங்கள். ஏடிஆரில் பயணிகளுக்கான கதவு பின்பக்கம். கடைசி வரிசைக்காரர்தான் முதலில் இறங்குவார்.

ஜெட்டுக்குச் சாதகமானது காற்று. 60 கிலோமீட்டர் எதிர்காற்றில் 500 என்பது 440 ஆகும். 830 என்பது 770 ஆகும். யாருக்கு வலிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஏடிஆர் 25,000 அடிக்கு மேல் போகாது, அதனால் மேகத்துக்கு மேலே ஏறித் தப்பிக்கவும் வழி குறைவு. குலுக்கலைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். தலைக்கு மேலே உள்ள பெட்டி அறையும் சின்னது, டிராலி பெட்டி பெரும்பாலும் சரக்கு அறையில்தான் போகும்.

500 கிலோமீட்டர் வரைக்கும் நான் வேகத்தைப் பார்ப்பதில்லை. எந்த விமானம் எனக்குத் தோதான நேரத்தில் கிளம்புகிறதோ அதுதான். 1,000 கிலோமீட்டர் என்றால் சமவேகப் பறத்தலிலேயே முக்கால் மணி வித்தியாசம், யோசிக்காமல் ஜெட்.

ஏடிஆர்தான் என்று ஆகிவிட்டால், சத்தம் பரவாயில்லை என்பவர்கள் நடுப்பகுதியில் ஜன்னல் சீட் எடுங்கள். இறக்கை மேலே இருப்பதால் கீழே சக்கரம் தெரியும். அது வெளியே வந்து, ஓடுபாதையில் பட்டு, ஒரு கீற்றுப் புகை கிளம்புவது வரை பார்க்கலாம்.