குளிர்காலக் கொங்கிறீற்றுக்கு ‘அன்ரிஃப்றீஸ்’: எதற்குக் காசு கொடுக்கலாம்?

‘அன்ரிஃப்றீஸ்’ (உறைதடுப்பி) என்ற பேச்சுப்பெயரில் கனடாவில் விற்பனையாகும் கொங்கிறீற் சேர்மானங்களில், அதாவது கலவையில் சேர்க்கும் இரசாயனங்களில், பெரும்பாலானவை தண்ணீர் உறைவதைத் தடுப்பதில்லை. சீமெந்து இறுகுவதை விரைவாக்குகின்றன, அவ்வளவுதான். கொங்கிறீற்றை வலுப்படுத்தும் என்று யாராவது சொன்னால் அதையும் பாதியாகவே நம்புங்கள். முதல் மூன்று நாள் வலு கூடும். 28 நாள் வலு அதே அளவில் நிற்கும், சில வேளை சற்றுக் குறையவும் செய்யும். இதைத் தெரிந்துகொண்டு வாங்கினால் நல்ல பொருள். தெரியாமல் வாங்கினால், ஊற்றிய கொங்கிறீற்றைக் குளிரிலிருந்து காக்கும் போர்வையைப் போடாமல் விட்டுவிட்டுச் சேர்மானத்தைக் குறை சொல்ல வேண்டிவரும்.

கொங்கிறீற் 21 பாகை செல்சியஸில் இருந்தால் ஏறக்குறைய 6 மணித்தியாலத்தில் இறுகும். 10 பாகையில் 11 மணித்தியாலம், 4 பாகையில் 15, −1 பாகையில் 19 வரை இழுக்கும். −7 பாகையில் இறுகவே இறுகாது. தண்ணீர் உறையும்போது 9 வீதம் விரியும். 3.5 மெகாபாஸ்கல் (கொங்கிறீற்றின் வலுவை அளக்கும் அலகு) வலு வருமுன் ஒரேயொரு தடவை உறைந்தாலும் உள்ளே பிளவுகள் விழுந்து, இறுதி வலுவில் பாதி வரை போய்விடலாம். பிறகு எவ்வளவு சூடேற்றினாலும் அது திரும்பாது. சேர்மானத்தின் வேலை அந்த 3.5-ஐ விரைவில் எட்டவைப்பது மட்டுமே.

மலிவானது கல்சியம் குளோரைட்டு. வழக்கமான விரைவாக்கிகளில் வேகத்தில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். கனமீற்றருக்கு 350 கிலோ சீமெந்து, அதில் வழக்கமான உச்ச அளவான 2 வீதம் என்றால் 7 கிலோ கல்சியம் குளோரைட்டுச் செதில். இது உறைநிலையை ஏறத்தாழ 2 பாகைதான் இறக்கும். இதனோடு வரும் குளோரைட்டோ சீமெந்தின் எடையில் 1 வீதத்துக்குக் கிட்ட. ஈரமோ உப்போ படக்கூடிய கம்பிக் கொங்கிறீற்றுக்குக் கனடிய நியமம் சிஎஸ்ஏ ஏ23.1 விடும் எல்லை 0.15 வீதம். ஆறு மடங்குக்கு மேல்! கம்பி, கல்வனைஸ் தகடு, அலுமினியக் குழாய் எது உள்ளே இருந்தாலும் இதைத் தொடவேண்டாம். கம்பியில்லாத தளத்திலும் கரும்படைகள் தெரியும், உலர்சுருக்கம் கூடும், சல்பேற்று மண்ணில் தாங்குதிறன் குறையும். செதிலை உலர்வாகக் கலவை ட்ரம்மில் கொட்டுவது இன்னும் மோசம்: கரையாத துண்டுகள் மேற்பரப்பில் பொக்கைகளாக வெடித்துக் கிளம்பும். தண்ணீரில் கரைத்து, காற்றுக்குமிழிச் சேர்மானத்தோடு (உறைபனியைத் தாங்கக் கலவைக்குள் நுண்ணிய காற்றுக்குமிழிகளை உண்டாக்குவது) சேரவிடாமல் தனியாக ஊற்றவேண்டும். இரண்டும் நேரே கலந்தால் அந்தக் குமிழிகள் கெட்டுவிடும்.

ஆகவே வீட்டு ட்றைவே, படிக்கட்டு, அடித்தளச் சுவர் எல்லாவற்றுக்கும் குளோரைட்டு இல்லாத வகையே சரி. இவற்றில் பல கல்சியம் நைத்திரேற்றை அடிப்படையாகக் கொண்டவை. விலை கூட, வேகம் சற்றுக் குறைவு, கம்பிக்குக் கேடில்லை. இந்த வரிசையில் மாஸ்டர்செட் எஃப்பி 20 குறிப்பிடத்தக்கது. −7 பாகைக் காற்றிலும் ஊற்றலாம் என்று தயாரிப்பாளர் சொல்கிறார். 100 கிலோ சீமெந்துக்கு 325 மில்லிலீற்றர் தொடங்கி 5,870 வரை அளவு போகிறது. 350 கிலோவுக்கு உச்ச அளவு என்றால் கனமீற்றருக்கு 20 லீற்றருக்கு மேல். அதில் உள்ள தண்ணீரைக் கலவைத் தண்ணீரில் கழிக்காவிட்டால் நீர்ச்சீமெந்து விகிதம் 0.45-ஐத் தாண்டிவிடலாம், உறைபனியும் உப்பும் படும் கொங்கிறீற்றுக்கு அதே கனடிய நியமம் வைத்திருக்கும் சி-2 வகைக்கு அதுதான் மேல்வரம்பு. (அந்த வகைக்கு 32 மெகாபாஸ்கலும் 5 முதல் 8 வீதக் காற்றும் கட்டாயம். காற்றில்லாத கலவைக்கு எந்தச் சேர்மானமும் உதவாது.)

உண்மையிலேயே உறைநிலையை இறக்குபவை சோவியத் நாட்டில் பெருவழக்காக இருந்த சோடியம் நைத்திரைற்றும் பொற்றாசியம் காபனேற்றும். முதலாவது −19.6 பாகை வரையும் மற்றது −36 வரையும் கரைசலைத் திரவமாக வைத்திருக்கும், ஆனால் அதற்கு மிகச் செறிவான கரைசல் வேண்டும். பொற்றாசியம் காபனேற்று கலவையை நிமிடங்களில் கட்டியாக்கும், காரத்தோடு வினைபுரியும் சல்லியைப் பின்னாளில் வெடிக்கவைக்கும். சோடியம் நைத்திரைற்று நஞ்சு. வீட்டு வேலைக்கு இரண்டும் வேண்டாம். வட அமெரிக்காவில் இப்படியான சேர்மானத் தொகுதிகளுக்கென ஏஎஸ்ரிஎம் சி1622 என்ற நியமம் இருக்கிறது. அதுவும் −5 பாகை வரைதான் பேசுகிறது. காருக்கு ஊற்றும் பச்சைத் திரவத்தைக் கலப்பவர்களும் இருக்கிறார்கள். அதிலுள்ள எதிலீன் கிளைக்கோல் சீமெந்துக்கு எந்த நன்மையும் செய்யாது, நாய் பூனைகளைக் கொல்லும்.

றெடிமிக்ஸ் (லொறியில் ஆயத்தமாக வரும் கலவை) நிறுவனத்துக்குச் சொல்லும்போது சேர்மானத்தோடு நிறுத்தாதீர்கள். சூடுதண்ணீர்க் கலவை, குறைந்த சிலாக் (சீமெந்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகச் சேர்க்கும் இரும்பு உலைக் கசடுத் தூள்) அல்லது சிலாக் இல்லாத கலவை, முடிந்தால் விரைவில் வலுப்பெறும் எச்ஈ சீமெந்து என்று கேளுங்கள். சிலாக் குளிரில் மிக மெதுவாக வேலை செய்யும். அது கூடுதலாக இருக்கும் கலவைக்கு விரைவாக்கியை மட்டும் நம்பவேண்டாம். கனமீற்றருக்கு 60 கிலோ சீமெந்து கூட்டினாலும் எச்ஈ போட்டதற்கு நிகரான ஆரம்ப வலு கிடைக்கும். சாக்குக் கலவையைக் கையால் குழைப்பவர்கள் கொதிதண்ணீரைச் சீமெந்தின்மேல் நேரே ஊற்றவேண்டாம், உடனே கட்டிபடும். சூடுதண்ணீரையும் சல்லியையும் முதலில் கலந்து, பிறகு சீமெந்து.

உறைந்த நிலத்தில் ஊற்றினால் இத்தனையும் வீண். சூடு கீழே இறங்கிவிடும், வசந்தத்தில் நிலம் இளகும்போது தளம் தாழும். முதல்நாளே காப்புப் போர்வையால் நிலத்தை மூடிவையுங்கள். ஊற்றியபின் அதே போர்வையை விளிம்புக்கு அப்பாலும் இழுத்து மூடுங்கள். மூலையும் விளிம்புமே முதலில் உறைபவை, வெப்பமானியையும் அங்கேயே வையுங்கள். சி-2 போன்றவற்றுக்கு 10 பாகைக்குக் குறையாமல் 7 நாள், அத்துடன் 70 வீத வலு. போர்வையை ஒரேயடியாக இழுத்தெடுக்கக்கூடாது: 30 சென்ரிமீற்றருக்கு மெலிந்த தளம் 24 மணித்தியாலத்தில் 28 பாகைக்கு மேல் குளிர்ந்தால் வெடிக்கும். கூடாரத்துக்குள் புகைபோக்கி இல்லாத புறொப்பேன் ஹீற்றர் வைத்தால் காபனீரொட்சைட்டு இன்னும் முற்றாக இறுகாத தளத்தின் மேற்பரப்பைக் கெடுக்கும், பிறகு கூட்டக் கூட்டத் தூள் வரும். அதனோடு வரும் காபனோரொட்சைட்டு ஆளையே கொல்லும். புகை வெளியே போகும் வகையையே வாடகைக்கு எடுங்கள்.

இலையுதிர்காலக் கடைசியில் ஊற்றிய ட்றைவேக்கு முதல் குளிர்காலம் முழுவதும் உப்பு வேண்டாம், மணல் போதும்.