வீடியோவா, நேர்ல பாக்குறதா, பேட்டை வாங்கிப் பாக்குறதா?

சுங்கை சிப்புட் பக்கம் நாங்க பிங்போங் ஆடுற தேவான்ல (மண்டபத்துல) இப்ப ஓடுற பெரிய சண்டையே இதான், மேட்சுக்கு முன்னாடி எதிராளி எப்படி ஆடுவான்னு எப்படித் தெரிஞ்சுக்குறது. சின்னப் பசங்க போன் வீடியோ போதும்ங்கிறானுங்க, அங்கிள்மாரு நேர்ல உக்காந்து பாரு தம்பிங்கிறாங்க.

வீடியோல ஒரு நல்லது இருக்கு, திரும்பத் திரும்ப ஓட்டலாம், 9-9ல எந்த சர்வீஸ் போடுறான்னு எண்ணலாம். ஆனா ஆளுக்கு ரெண்டு ரெண்டு சர்வீஸ்தான், 11-8ன்னு முடிஞ்ச ஒரு கேம்ல அவன் போட்டதே ஒம்போதோ பத்தோதான், அத வச்சு என்னத்த முடிவு பண்றது, மூணு கேமாவது வேணும். அதோட எவனோ பக்கவாட்டுல நின்னு எடுத்த வீடியோல பந்துல என்ன ஸ்பின்னுன்னு சத்தியமா தெரியாது லா.

நேர்ல பாக்குறது அத விட மேல், ஆனா டேபிளுக்கு நேர் பின்னாடி உக்காரணும். பந்து எப்படி வளையுது, எங்க தடுமாறுறான், எல்லாம் அங்கதான் தெரியும். என்ன, நம்ம மேட்சும் அதே நேரத்துல ஓடும், அதுவும் இல்லாம நம்மளப் பாத்துட்டா நல்ல சர்வீஸ ஒளிச்சு வச்சிருவாங்க.

நான் மூணாவது கட்சி. எதிராளி பேட்டை வாங்கிப் பாக்குறது. ரூல்லயே இருக்கு, மேட்ச் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கேட்டா காட்டித்தான் ஆகணும், நம்மாளுங்கதான் மரியாதையா இருக்காதுன்னு கூச்சப்படுறாங்க. நானும் அப்படித்தான் போன வாட்டி ஒரு அங்கிள்கிட்ட கேக்காம விட்டேன், மூணு ராத்திரி அவர் வீடியோவப் பாத்த திமிரு. அவரு பேட்டுல பேக்ஹேண்ட் பக்கம் லோங் பிம்பிள்ஸ், அதாவது நீள நீளமா முள்ளு மாதிரி நிக்கிற ரப்பர். நான் அண்டர்ஸ்பின் (பந்து பின்பக்கமா சுத்துறது) குடுத்தா அது ஸ்பின் செத்தோ லேசா டாப்ஸ்பின்னாவோ (முன்பக்கமா சுத்திக்கிட்டோ) திரும்பி வருது, நான் மறுபடி புஷ் பண்ணா, அதாவது பந்துக்கு அடியில வெட்டித் தள்ளுனா, பந்து மேல ஏறிப் போயிருது, 3-0ன்னு தோத்தேன். தாத்தா காலத்துல இருந்து ரப்பர் மரத்துல பால் எடுத்த குடும்பம், எனக்கு ரப்பரே தெரியல!

முன்னெல்லாம் ரெண்டு பக்கமும் ஒரே கலர்ல வேற வேற ரப்பர் ஒட்டிக்கிட்டு பேட்டைத் திருப்பித் திருப்பி ஏமாத்துவாங்களாம், பந்து ரப்பர்ல படுற சத்தத்த வச்சுக் கண்டுபிடிச்சிருவாங்கன்னு காலை வேற தரையில தட்டுவாங்களாம். அதனாலதான் 1986ல இருந்து ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் சிவப்பு (2021க்கு அப்புறம் சிவப்புக்குப் பதிலா பச்சை, நீலம்லாம் கூட வருது). ஆக எந்தக் கலர்ல பிம்பிள்ஸ்னு அர நிமிஷத்துல பாத்து வச்சுக்கிட்டா, ராலி நடுவுல அவரு திருப்புனாலும் கலரப் பாத்தே தெரிஞ்சிரும்.

அப்புறம் அந்த ரெண்டு நிமிஷ வார்ம்அப். எல்லாரும் போர்ஹேண்ட் போர்ஹேண்டா அடிச்சே முடிச்சிருவாங்க, நீங்க வேணும்னே எதிராளி பேக்ஹேண்டுக்கு நாலு பந்து தள்ளி விடுங்க, அந்த ரப்பர்ல பட்டு எப்படித் திரும்புதுன்னு தெரிஞ்சிரும்.

அடுத்த மாசம் அதே அங்கிளோட மறுபடி ஆடணும். வீடியோவ இன்னும் அழிக்கல, சர்வீஸுக்கு மட்டும் ஒரு தடவ பாப்பேன், மத்தபடி போன உடனே "அங்கிள், பேட்ட குடுங்க"தான்.