நாய்க்கு வெந்த பிரெட்டா, வேகாத மாவா?

சுட்டெடுத்த வெறும் பிரெட்டில் சிறு துண்டு கொடுத்தால், நல்ல உடம்புள்ள நாய்க்கு ஒன்றும் ஆகாது. சத்தும் பெரிதாக இல்லை. நான் ஓரத்தைக் கிள்ளிக் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்வேன். உலர் திராட்சை, பூண்டு, வெங்காயம், சைலிட்டால் (சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் இனிப்பு) சேர்ந்த பிரெட் மட்டும் வேண்டவே வேண்டாம்.

ஈஸ்ட் போட்டுப் பிசைந்த பச்சை மாவு அப்படியல்ல. மூடி வைத்த மாவு தட்டைத் தள்ளிக்கொண்டு எழும்புமே, அதுவே நாயின் வயிற்றுச் சூட்டிலும் நடக்கும். வயிறு கல்லாக உப்பும். மாவு நொதிக்கையில் உண்டாகும் ஆல்கஹால் ரத்தத்தில் கலக்க, நாய் தள்ளாடும், வெறும் ஓங்கரிப்பு வரும், உடல் சில்லிடும். கொஞ்சம்தானே விழுங்கியது என்று காத்திருக்காதீர்கள். நீங்களாக வாந்தி எடுக்க வைக்காமல், உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.