பிரமோஸா, டிரோனா?

2025 மே 7 முதல் 10 வரை இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிக்கொண்டபோது அணுகுண்டின் பக்கம் யாரும் போகவில்லை. வேலை பார்த்தவை ஏவுகணைகளும் டிரோன்களும்தான். எதிராளியைப் பணியவைப்பது எது என்று கேட்டால், பலரும் யோசிக்காமல் இந்தியாவின் பிரமோஸ் ஏவுகணையைக் கைகாட்டுவார்கள். எனக்கு அதில் பாதி சம்மதம்தான்.

பிரமோஸ் ஒலியைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு வேகத்தில் பாயும்; 200 முதல் 300 கிலோ வெடிமருந்து சுமக்கும். (விமானத்திலிருந்து ஏவும் வகையே இரண்டரை டன் எடை, அதைத் தூக்கிப் பறக்கும் சுகோய்ப் போர் விமானப் பிரிவு ஒன்று 2020 முதல் நம் தஞ்சாவூரில் இருக்கிறது.) இந்தியா வாங்கி வைத்திருக்கும், இலக்கில் தானே மோதி வெடிக்கும் இஸ்ரேலின் ஹாரோப் டிரோன் சுமப்பதோ 20 கிலோவை ஒட்டித்தான். ரேடாரை உடைக்கும், ஓடுபாதையைப் பெயர்க்காது. ஆனால் மணிக்கணக்கில் வட்டமிடும். கடைசி நேரத்தில் வேண்டாமென்றால் விலகிக்கொள்ளும். பிரமோஸை ஏவினால் ஏவியதுதான்.

2022 மார்ச் 9 மாலை அது தெரிந்தது. தவறுதலாகக் கிளம்பிய பிரமோஸ் ஒன்று பாகிஸ்தானுக்குள் 124 கிலோமீட்டர் பாய்ந்து மியான் சன்னு அருகே விழுந்தது. அந்நாட்டு வான்வெளியில் அது இருந்தது நான்கு நிமிடத்துக்கும் குறைவு. வெடிகுண்டு இல்லை, உயிர்ச்சேதமும் இல்லை. இந்தியா ஒப்புக்கொண்டது இரண்டு நாள் கழித்து. பிறகு மூன்று விமானப்படை அதிகாரிகளின் வேலை போனது. ஆனால் அந்த நான்கு நிமிடத்தில், ரேடார் திரையில் நகரும் புள்ளியின் மூக்கில் என்ன குண்டு இருக்கிறது என்று யாரால் சொல்ல முடியும்? எதிர்த்திசையிலும் இதே தலைவலிதான்: பாகிஸ்தானின் பாபர் ஏவுகணை சாதாரணக் குண்டையும் சுமக்கும், அணுகுண்டையும் சுமக்கும்.

டிரோனில் இந்தத் திகில் இல்லை. 2025 மே 8 இரவு 36 இடங்களில் பாகிஸ்தானின் 300 முதல் 400 டிரோன்கள் வந்ததாக இந்தியா சொன்னது. நம் வான்பாதுகாப்பு எங்கே நிற்கிறது என்று தடவிப் பார்க்கும் வேலை அது. மலிவு, தொல்லை, அவ்வளவே. அதற்காக யாரும் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை.

மே 10 விடியலில் ராவல்பிண்டியின் நூர்கான் விமானதளம் இந்தியாவின் ஏவுகணைத் தாக்குதலுக்கு உள்ளானது. பாகிஸ்தானின் அணு ஆயுதங்களைக் கவனிக்கும் தலைமையகம் அங்கிருந்து கூப்பிடு தூரம். அன்று மாலை ஐந்து மணிக்குச் சண்டை நின்றது. அதற்கு இந்த அடி மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் டிரோன்கள் மூன்று இரவு பறந்தும் கிடைக்காத கவனம் இதற்குக் கிடைத்தது.

அதே ஆண்டு ஆகஸ்டில் பாகிஸ்தான் ராணுவத்துக்குப் புதிதாக ஒரு தனிப் படைப்பிரிவை அறிவித்தார்கள். ஏவுகணைகளுக்கு, டிரோன்களுக்கு அல்ல.