ஆளில்லா மணலில் எக்ஸ்பல்ஸ் 200 4வி

தார் பாலைவனத்துக்குத் தனியாகப் போகிறவர் வண்டி வாங்குமுன் தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான். உச்சி வெயிலில், ஒரே நாளில் ஐந்தாவது முறையாக மணலில் சாய்ந்து கிடக்கும் வண்டியைத் துணைக்கு ஆளில்லாமல் தூக்கி நிறுத்த என்னால் முடியுமா? முதல் முறை யாராலும் முடியும். ஐந்தாவது முறைதான் கணக்கு.

இந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி மேலே வந்து நிற்கிறது. பெட்ரோலோடு சேர்த்து 158 கிலோ. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 இதே கணக்கில் 196 கிலோ. 40 குதிரைத்திறன், 17 லிட்டர் டேங்க் என்று நெடுஞ்சாலையில் அது எக்ஸ்பல்ஸை எங்கோ விட்டுவிட்டுப் போய்விடும். ஆனால் மணலில் கூடுதலாக இருக்கும் அந்த 38 கிலோவைத் தூக்கப்போவது உங்கள் இடுப்பு. நண்பர்கள் நான்கு பேரோடு போகிறீர்கள் என்றால் ஹிமாலயனே எடுங்கள். தனியாக என்றால் எடை குறைந்த வண்டிதான்.

21 அங்குல முன்சக்கரம், 18 அங்குலப் பின்சக்கரம், இரண்டும் ஸ்போக். தரையிலிருந்து 220 மில்லிமீட்டர் உயரம். முன் சஸ்பென்ஷன் 190, பின் சஸ்பென்ஷன் 170 மில்லிமீட்டர் வரை இறங்கி ஏறும். எஞ்சினுக்கு அடியில் உலோகத் தகடு கம்பெனியிலிருந்தே வருகிறது. சைலன்சர் மேல்நோக்கிப் போவதால் மணலில் புதையாது. இவ்வளவும் ஒன்றரை லட்சம் ரூபாயை ஒட்டிய எக்ஸ்-ஷோரூம் விலையில் கிடைப்பது பெரிய விஷயம். விழுந்தால் மனசு பதறாத விலையில் இருக்கும் வண்டியைத்தான் மணலில் தைரியமாக ஓட்ட முடியும்.

இனி குறைக்கு வருவோம், அதுதான் எஞ்சின். 199.6 சிசி, 19.1 குதிரைத்திறன், அதுவும் எஞ்சின் நிமிடத்துக்கு 8500 சுற்றில். முறுக்குவிசை 17.35 நியூட்டன் மீட்டர், 6500 சுற்றில். இந்த எண்களை மணலுக்கு மொழிபெயர்த்தால் இப்படி வரும்: கீழ்ச்சுற்றில் வண்டியிடம் ஒன்றும் இல்லை. ஆழமணல் சக்கரத்தைப் பிடித்து இழுக்கும்போது சுற்று 5000-க்குக் கீழே இறங்கிவிட்டால் எஞ்சின் திணறும். உடனே கை தானாக முதல் கியருக்குப் போகும். முதல் கியரில் பின்சக்கரம் முன்னே தள்ளாது, கீழே தோண்டும். நான்கைந்து நொடியில் அச்சு வரை புதைந்திருக்கும்.

அதனால் இந்த வண்டியை மணலில் இரண்டாவது, மூன்றாவது கியரில், எஞ்சின் அலறுகிற சத்தத்திலேயே ஓட்ட வேண்டும். அந்தச் சத்தம் பழகாதவருக்குப் பயம் தரும், ஆக்ஸிலரேட்டரைத் தளர்த்துவார், அங்கேயே நின்றுவிடும். பல் அதிகமுள்ள பின் ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) போட்டால் இந்தக் குறை ஓரளவு அடங்கும். இரண்டு மூன்று பல் கூடினாலே இரண்டாவது கியரில் வித்தியாசம் தெரியும். செயின் நீளம் போதுமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலையில் கொஞ்சம் வேகம் குறையும். ஏற்கெனவே 5 கியர்தான் என்பதால் அது உறைக்கவும் செய்யும்.

2025-இல் வந்த எக்ஸ்பல்ஸ் 210 இந்தக் குறைக்குப் பதில் சொல்கிறது: ரேடியேட்டர், 24.6 குதிரைத்திறன், 6 கியர். எடை 168 கிலோ. புதிதாக வாங்குபவர் அதையும் ஓட்டிப் பார்க்கட்டும். கையில் 4வி இருப்பவர் மணலுக்காக மட்டும் மாற்ற வேண்டியதில்லை.

4வி-யில் ரேடியேட்டர் கிடையாது, ஆயில் கூலர்தான், அதற்கு விசிறியும் இல்லை. காற்று ஓடினால்தான் சூடு இறங்கும். காற்று முதுகுப்பக்கம் வீசும்போது மெதுவாக மணலில் உழன்றால் சூடு ஏறிக்கொண்டே போகும். கிளட்ச் கருகும் வாடை வந்தாலே நிறுத்திவிடுங்கள். வண்டியைக் காற்று வரும் திசைக்குத் திருப்பி வைத்துப் பத்து நிமிடம் ஆற விட வேண்டும். அந்த வாடைக்குப் பிறகு கிளட்ச் லீவரின் விளையாட்டு, அதாவது கிளட்ச் விடுபடத் தொடங்குமுன் லீவர் வெறுமனே நகரும் தூரம், மாறியிருக்கும், அதைச் சரிபார்க்காமல் கிளம்பக் கூடாது. தட்டுகள் தேய்ந்து விளையாட்டே இல்லாமல் போனால் கிளட்ச் முழுதாகப் பிடிக்காது. பிடிக்காத கிளட்ச்சோடு மணலில் போவது அடுத்த அரைமணியில் தட்டுகளைத் தின்றுவிடும்.

டயர் விஷயத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், மணலில் பாதி வெற்றி இங்கேதான். சாலைக்கு அடித்த காற்றோடு மணலில் இறங்கினால் முன்சக்கரம் கத்தி மாதிரி வெட்டிக்கொண்டு உள்ளே போகும். முன்னும் பின்னும் 15 பிஎஸ்ஐ-க்கு இறக்குங்கள். டயர் தட்டையாகிப் பரப்பு கூடும், வண்டி மணலின் மேல் மிதக்கும். ஹேண்டில்பார் இப்படியும் அப்படியும் ஆடுவது அப்போதும் நிற்காது. அது இயல்பு, இறுக்கிப் பிடிக்காதீர்கள். எழுந்து நின்று, உடம்பைப் பின்னுக்குக் கொண்டுபோய், டேங்க்கை முழங்காலால் கவ்வி, 20 மீட்டர் முன்னால் பாருங்கள்.

15-க்கும் கீழே இறக்க வேண்டுமென்றால், டயரை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் ரிம் லாக் கட்டாயம். இது கம்பெனியிலிருந்து வருவதில்லை. ரிம்மில் துளை போட்டு, ரிம்மின் அகலத்துக்கு ஏற்ற அளவில் பின்சக்கரத்துக்காவது ஒன்று மாட்டுங்கள். அது இல்லாமல் 12 பிஎஸ்ஐ-யில் ஆக்ஸிலரேட்டரைத் திருகினால் ரிம் சுற்றும், டயர் அதே வேகத்தில் சுற்றாது. டயரோடு டியூப் நகர, ரிம் துளையில் மாட்டிய வால்வு அடியோடு கிழியும். அந்தக் கிழிசலுக்கு எந்த ஒட்டும் நிற்காது.

இதை முன்கூட்டியே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. வால்வுத் தண்டில் ரிம்மை ஒட்டி ஒரு சின்ன நட் இருக்கும். பஞ்சர் கடையில் அதை இறுக்கிக் கொடுப்பார்கள். அதைத் தளர்த்தி மேலே வால்வு மூடி வரைக்கும் ஏற்றி வையுங்கள். இப்போது டயர் நழுவினால் வால்வு சுதந்திரமாகச் சாயும். ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் ஒரு பார்வை போதும். நேராக நிற்கிறதா, நல்லது. சாய்ந்திருக்கிறதா, காற்றை முழுதாக இறக்கி டயரைத் திருப்பிச் சரிசெய்துவிட்டு 18 பிஎஸ்ஐ வைத்துக்கொண்டு திரும்புங்கள்.

ஜெய்சல்மேரைச் சுற்றி எல்லாம் மணல் இல்லை, கல் பரந்த மேட்டுநிலம் நிறைய. மணலுக்கு இறக்கிய காற்றோடு அந்தக் கல்லில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் டியூப் நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை விழும். கல் வந்தால் காற்றை 20 பிஎஸ்ஐ-க்கு மேல் ஏற்றிக்கொள்ள வேண்டும். அதற்குக் கைப்பம்பும் அளவுமானியும் வேண்டும். கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பது இங்கே செல்லாது.

அடுத்த எதிரி முள். நம் ராமநாதபுரத்தை வளைத்துப் பிடித்த அதே சீமைக் கருவேலம்தான் அங்கே ஊர் ஓரங்களில் விலாயதி பபூல் என்ற பெயரில் நிற்கிறது. முள் டயரைத் துளைத்து உள்ளேயே முறிந்து நிற்கும். டியூபை மாற்றுமுன் டயரின் உட்புறத்தை ஒரு துணியால் சுற்றிலும் துடையுங்கள். துணி எங்கே மாட்டுகிறதோ அங்கே முள். விரலால் தடவினால் விரல் கிழியும். இதைச் செய்யாமல் புது டியூப் போட்டவர் ஒரு கிலோமீட்டரில் மறுபடி உட்காருவார். மாற்று டியூப் ஒன்றுதான் கொண்டுபோக இடமிருக்கிறது என்றால் 21 அங்குலத்தை எடுங்கள். அவசரத்துக்கு அதை 18 அங்குலப் பின்சக்கரத்துக்குள் மடிப்பு விழாமல் நுழைத்து ஊர் வந்து சேரலாம். பெரிய அகலப் பின் டியூபை முன்னால் போட முடியாது.

டயர் லிவர் மூன்று, வால்வு கோர் திருகி, ஒட்டு, பசை, இரண்டு அச்சு நட்டுக்கும் பொருந்தும் ஸ்பேனர், கிளட்ச் லீவர், பிரேக் லீவர், கிளட்ச் கேபிள், செயின் லிங்க்: இவ்வளவு போதும். ஹீரோவின் சர்வீஸ் சிற்றூர் வரைக்கும் இருக்கிறது என்பது உண்மை, ஆனால் எக்ஸ்பல்ஸின் லீவரை எல்லாக் கடையிலும் வாங்கி வைத்திருப்பார்கள் என்று நம்பிப் போக முடியாது. கை காப்பான் வெறும் பிளாஸ்டிக் என்பதால் விழும்போது லீவர்தான் அடி வாங்கும். லீவரின் பிடிப்பானைக் கையால் பலமாகத் தள்ளினால் சுழலும் அளவுக்கு மட்டும் இறுக்கி வையுங்கள். விழுந்தால் உடையாமல் திரும்பிக்கொள்ளும்.

சைடு ஸ்டாண்டின் கால் சிறியது, மணலில் நேராக இறங்கிவிடும். உள்ளங்கை அளவு தகடு அல்லது பலகைத் துண்டில் கயிறு கட்டி ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டால், ஏறி உட்கார்ந்த பிறகு கயிற்றை இழுத்து எடுத்துக்கொள்ளலாம்.

புதைந்துவிட்டால் ஆக்ஸிலரேட்டரைத் தொடாதீர்கள். எஞ்சினை அணைத்து இறங்குங்கள். வண்டியை ஒரு பக்கமாகப் படுக்க வைத்தால் பின்சக்கரம் குழியிலிருந்து வெளியே வரும். குழியில் மணலைத் தள்ளி மிதித்து மூடி, முன்சக்கரத்தை இழுத்து வண்டியைச் சரிவு இறங்கும் பக்கம் திருப்பிவிட்டுத் தூக்குங்கள். வலப்பக்கம் விழுந்திருந்தால் தூக்குமுன் சைடு ஸ்டாண்டை நீட்டி, கியரில் போட்டுவிடுங்கள். சைலன்சரும் அந்தப் பக்கம்தான், கால்சட்டை உருகும் சூட்டில் இருக்கும். வண்டிக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, தொடையால் எழுந்து தூக்குவதே முறை. எழுந்ததும் இரண்டாவது கியர், கூடவே ஓடிக்கொண்டு தள்ளி, உருண்ட பிறகு ஏறுங்கள்.

2023-இல் வந்த 4வி-யில், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸுக்கு மூன்று நிலை உண்டு: ரோடு, ஆஃப்-ரோடு, ராலி. ராலியில் ஏபிஎஸ் முழுக்க அணைந்துவிடும், மணலுக்கு அதுதான். ஒவ்வொரு முறை கிளம்புமுன்னும் மீட்டரில் எந்த நிலை என்று பார்த்துக்கொள்வது நல்லது. சரிவில் இறங்கும்போது முன் பிரேக்கைத் தொடவே வேண்டாம்.

முன் 250, பின் 220 மில்லிமீட்டர் சஸ்பென்ஷனோடு வரும் 4வி-யின் புரோ வகை மணல்மேடு தாவுவதற்கு அருமை. இருக்கை உயரம் 891 மில்லிமீட்டர், சாதாரண வகையில் 825. தனியாகப் போகிறவர் ஐந்தே முக்கால் அடிக்குக் கீழே இருந்தால் புரோ வேண்டாம். மணலில் நிற்கும்போது ஊன்றிய கால் இன்னும் நான்கு விரல் இறங்கும். கால் எட்டாத வண்டி நின்ற இடத்திலேயே சாயும்.

டேங்க் 13 லிட்டர். சாலையில் லிட்டருக்கு 35-க்கு மேல் தரும் வண்டி என்றாலும் மணலில் 20 என்றே கணக்கு வையுங்கள். அப்படிப் பார்த்தால் 260 கிலோமீட்டர், அதில் பாதிதான் போகிற தூரம், வழி தவறுவதற்கும் கொஞ்சம் கழியுங்கள். ஒரே பாட்டில் பெட்ரோல் கூடுதலாக எடுப்பதைவிட இரண்டு லிட்டர் தண்ணீர் கூடுதலாக எடுப்பது மேல். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரைதான் காலம், அப்போதும் ஆளுக்கு 5 லிட்டர் தண்ணீர் வேண்டும்.

மணல்மேட்டில் காற்று வரும் பக்கம் சாய்வாகவும் கெட்டியாகவும் இருக்கும், மறுபக்கம் செங்குத்தாகவும் பொலபொலவென்றும் இருக்கும். தாரில் மணலை நகர்த்துவது கோடையின் தென்மேற்குக் காற்று, ஆகவே இறக்கம் பெரும்பாலும் வடகிழக்கில். உச்சியைப் பாராமல் தாவாதீர்கள். ஜெய்சல்மேர் பக்கத்து சாம் மேடுகளில் மறுபக்கம் ஒட்டகமும் ஜீப்பும் நிற்கும். குரி பக்கம் கூட்டம் குறைவு. காலையில் மணல் ஈரம் பிடித்துக் கெட்டியாக இருக்கும், நிழல் விழுவதால் மேடுபள்ளமும் தெரியும். பகல் 12 மணிக்கு எல்லாம் ஒரே மஞ்சள். அங்கே தேசியப் பூங்காவின் எல்லைக்குள் கானமயில் வாழும் நிலத்தில் அனுமதியில்லாமல் வண்டியை விடவே கூடாது. அந்தப் பறவையில் மிச்சமிருப்பதே கொஞ்சம்.

எல்லையோரப் பகுதிகளுக்கு அனுமதி வேண்டும், ஜெய்சல்மேரிலேயே விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். வெளிநாட்டில் தனிப்பயணிகள் நம்பியிருக்கும் செயற்கைக்கோள் தகவல் கருவியை இங்கே உரிமம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். போன் சிக்னல் பல இடத்தில் இருக்காது. தங்கும் விடுதியில் வழியையும் திரும்பும் நேரத்தையும் எழுதிக் கொடுத்து, இன்ன மணிக்குள் வராவிட்டால் இன்னாரிடம் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போவதே மாற்று.

திரும்பி வந்ததும் ஏர் ஃபில்டரை மாற்றுங்கள், காகித வகையைக் கழுவி மறுபடி போடக் கூடாது. செயினுக்கு மணலில் இருக்கும்வரை ஈர எண்ணெய் வேண்டாம். மணல் ஒட்டி அரைக்கும், உலர் மெழுகு வகை போதும். இரண்டாம் கையாக எக்ஸ்பல்ஸ் வாங்குபவர் முதலில் ஏர் பாக்ஸைத் திறந்து, ஃபில்டரை எடுத்துவிட்டு, அதைத் தாண்டி எஞ்சினுக்குப் போகும் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்கட்டும். துணியில் மாவு மாதிரி மணல் வந்தால் அது பிஸ்டன் வளையம் வரைக்கும் போயிருக்கிறது. விலையைக் குறைத்துப் பேசாமல் வேறு வண்டி பாருங்கள்.