அசெட்ஸ் மாநாட்டின் போஸ்டர், டெமோ பிரிவு: அனுப்புமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

மாற்றுத்திறனாளிகளுக்காக நீங்கள் செய்த கருவி ஓடுகிறது, நாலைந்து பேர் பயன்படுத்திப் பார்த்தும் விட்டார்கள், ஆனால் முழு ஆய்வுக் கட்டுரைக்குத் தரவு போதாது. இந்த நிலையில் இருப்பவர்களுக்கு அசெட்ஸ் மாநாட்டின் போஸ்டர், டெமோ பிரிவைவிடப் பொருத்தமான இடம் இந்தத் துறையில் இல்லை. கணினியும் அணுகல்தன்மையும் (மாற்றுத்திறனாளிகளும் தடையின்றிப் பயன்படுத்த முடிவது) பற்றி, ஏசிஎம் என்ற கணினியியலாளர் அமைப்பின் சிக்அக்செஸ் குழு நடத்தும் மாநாடு இது. 1994இல் கலிஃபோர்னியாவில் தொடங்கியது. 2022இல் ஏதென்ஸ், 2023இல் நியூயார்க், 2024இல் கனடாவின் செயின்ட் ஜான்ஸ், 2025இல் டென்வர் என்று ஊர் ஊராக நடக்கிறது. இதன் பெரிய பலம் வருகிற ஆட்கள்தான். பார்வையற்ற ஆய்வாளரும் காது கேளாத மாணவரும் நம் மேசை முன்னால் நின்று கருவியைக் கையில் வாங்கிப் பார்ப்பார்கள். பத்து நிமிடத்தில் அவர்கள் காட்டித் தரும் குறை, ஆறு மாதச் சோதனையிலும் பிடிபட்டிருக்காது.

அனுப்பும் முறை சிக்கலானதல்ல. சில பக்கச் சுருக்கக் கட்டுரையை ஏசிஎம் வார்ப்புருவில் எழுதி, பிசிஎஸ் என்ற கட்டுரைச் சமர்ப்பிப்புத் தளத்தில் ஏற்ற வேண்டும். பக்க வரம்பு, பெயர் மறைக்க வேண்டுமா, காணொளி கட்டாயமா என்பதெல்லாம் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை. போன ஆண்டு ஏற்கப்பட்ட கட்டுரையைப் பார்த்து வடிவத்தை நகலெடுக்காமல் அந்த ஆண்டின் அழைப்பை வரிவரியாகப் படியுங்கள். எழுத்தாளர் எல்லோருக்கும் ஆர்கிட் எண் (ஆய்வாளருக்கான அடையாள எண்) வேண்டும். அதைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

இந்தப் பிரிவு உண்மையில் கறாராக இருப்பது கோப்பின் அணுகல்தன்மையில்தான், இருக்கவும் வேண்டும். மதிப்பீட்டாளர்களில் திரைவாசிப்பானில், அதாவது திரையில் உள்ளதைக் குரலில் சொல்லும் மென்பொருளில், படிப்பவர்கள் உண்டு. படத்தில் இருப்பதை எழுத்தில் சொல்லும் படவிளக்கம் இல்லாத படம் அவர்களுக்கு வெற்றிடம். "படம் 1: சோதனை முடிவுகள்" என்று தலைப்பையே விளக்கமாகத் திரும்ப ஒட்டுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. அதனால் ஒரே வரியை இரண்டு முறை கேட்பதைத் தவிர வேறு பயனில்லை. "மூன்று உள்ளீட்டு முறைகளை ஒப்பிடும் பட்டை வரைபடம். பிழை குரல் முறையில் மிகக் குறைவு, திரைத் தட்டச்சில் மிக அதிகம், பிரெய்ல் விசைப்பலகை இரண்டுக்கும் நடுவில்" என்று எழுதினால் படம் சொல்ல வந்தது வந்துவிடும். துல்லியமான எண்களை அட்டவணையில் கொடுங்கள். கருவியின் புகைப்படமென்றால் நிறத்தைவிட அளவு, பொத்தான்களின் இடம், எந்தக் கையால் பிடிப்பது ஆகியவை முக்கியம். லேடெக்ஸ் என்ற ஆவண வடிவமைப்பு மென்பொருளில் எழுதுவோருக்கு ஏசிஎம் வார்ப்புருவிலேயே இதற்கென டிஸ்கிரிப்ஷன் கட்டளை இருக்கிறது. வேர்டில் படத்தின் மேல் வலச்சொடுக்கினால் ஆல்ட் டெக்ஸ்ட் பெட்டி வரும்.

அடுத்து பிடிஎஃப். வேர்டில் 'சேவ் ஆஸ்' வழியாக பிடிஎஃப் ஆக்கினால் தலைப்பு, பட்டியல், அட்டவணைக் குறிச்சொற்கள் (எது என்ன என்று திரைவாசிப்பானுக்குச் சொல்லும் மறைகுறிகள்) கூடவே போகும். 'பிரின்ட் டு பிடிஎஃப்' கொடுத்தால் அத்தனையும் உதிர்ந்துவிடும், கண்ணால் பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். லேடெக்ஸ் தரும் பிடிஎஃப்பில் குறிச்சொற்கள் தானாக வந்துவிடும் என்று நம்ப முடியாது. அக்ரோபாட் என்ற பிடிஎஃப் மென்பொருளில் உட்கார்ந்து சேர்க்க வேண்டும், இரண்டு நெடுவரிசைப் பக்கமென்றால் வாசிப்பு வரிசையையும் சரிபார்க்க வேண்டும். ஒரு வாக்கியத்தின் நடுவில் படத்தின் தலைப்பு நுழைந்து வாசிக்கப்படுவது இங்கேதான் நேரும். பிஏசி என்ற இலவசச் சோதனைக் கருவி குறிச்சொல் இல்லாததைக் கண்டுபிடிக்கும். ஆனால் படவிளக்கப் பெட்டியில் "படம்" என்று மட்டும் எழுதியிருந்தாலும் அது பச்சை காட்டும். ஆகவே என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானை நிறுவி, திரையை அணைத்துவிட்டு, கோப்பை முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை காதால் கேளுங்கள். இதற்கு மாற்று கிடையாது.

தமிழ் உரையைக் குரலாக்குதல், தமிழ் பிரெய்ல் போன்றவற்றில் வேலை செய்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் பாமினி என்ற பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருவில் வைத்தால் "தமிழ்" என்ற சொல்லைத் திரைவாசிப்பான் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்றுதான் படிக்கும். யூனிகோடில் இருந்தாலும் பிடிஎஃப் ஆகும்போது "கொ" போன்ற எழுத்துகளில் ஒற்றைக்கொம்பு முன்னால் பிரிந்து நிற்பதுண்டு. பிடிஎஃப்பிலிருந்து வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். அந்தப் பகுதியின் மொழியைத் தமிழ் என்று குறிக்கவும் வேண்டும். குறிக்காவிட்டால் ஆங்கிலக் குரல் அதை உளறும், அல்லது அப்படியே விட்டுவிடும்.

ஏற்கப்பட்ட பிறகு வரும் டாப்ஸ் (ஏசிஎம்மின் பதிப்புத் தளம்) கட்டம்தான் இந்த நடைமுறையின் பலவீனமான பகுதி. மூலக்கோப்புகளைக் குறிப்பிட்ட அடுக்கில் ஜிப் செய்து ஏற்றினால், அது பிடிஎஃப், எச்டிஎம்எல் இரண்டையும் உருவாக்கும். அனுமதிப் பட்டியலில் இல்லாத லேடெக்ஸ் தொகுப்பு (துணைநிரல்) ஒன்று இருந்தாலும் தடுக்கி விழும், பிழைச் செய்தியும் தெளிவாக இருக்காது. வார்ப்புருவை ஒட்டியே, கூடுதல் தொகுப்பு சேர்க்காமல் எழுதியவர்களுக்கு ஒரு மணி நேர வேலை. மற்றவர்களுக்கு மூன்று நாள். எச்டிஎம்எல் வடிவம் கிடைப்பது மட்டும் உண்மையான லாபம். திரைவாசிப்பானில் பிடிஎஃப்பைவிட அதுதான் நன்றாக ஓடும்.

போஸ்டரை ஏ0 அளவில், அதாவது 841க்கு 1189 மில்லிமீட்டரில் செய்வது வழக்கம். வட அமெரிக்காவில் 36க்கு 48 அங்குலப் பலகையும் வரும், அளவைக் கேட்டுவிட்டு அச்சிடுங்கள். உரை எழுத்து 28 புள்ளிக்குக் கீழே போகக் கூடாது. சாம்பல் எழுத்து வேண்டுமென்றால் வெள்ளைமேல் #767676 வரை சரி, எழுத்துக்கும் பின்னணிக்கும் வேண்டிய வெளிச்ச மாறுபாடு 4.5க்கு 1 தேறும், #777777 தேறாது. முக்கியமான முடிவை நடுப்பகுதியில் வையுங்கள். உச்சியில் இருப்பது சக்கர நாற்காலியில் வருபவருக்கு எட்டாது. கியூஆர் குறியீடு தரையிலிருந்து சுமார் ஒரு மீட்டர் உயரத்தில், விரலால் தடவினால் தெரியும் விளிம்போடு இருக்கட்டும். அது போஸ்டரின் படத்துக்குப் போகாமல், அதே உள்ளடக்கத்தைச் சாதாரண வலைப்பக்கமாகக் காட்ட வேண்டும். போஸ்டரை பவர்பாயின்ட்டில் செய்து கோப்பையும் பகிர்கிறவர்கள் செலக்‌ஷன் பேனைத் திறந்து பாருங்கள்: அங்கே உள்ள பட்டியலில் கீழிருந்து மேலாகத்தான் வாசிப்பு வரிசை. கடைசியில் செருகிய தலைப்பு கடைசியாகத்தான் படிக்கப்படும்.

போஸ்டரைப் பார்க்க முடியாதவருக்கு அதை இரண்டு நிமிடத்தில் வாயால் சொல்லத் தயாராக இருங்கள். "இதோ இங்கே பாருங்கள்" என்ற பேச்சுக்கு இடமில்லை. சைகைமொழிப் பெயர்ப்பாளர் உடன் வந்தால் அவரைப் பார்க்காமல் எதிரில் நிற்பவரைப் பார்த்துப் பேசுங்கள், படத்தைக் காட்டியதும் சற்று நிறுத்துங்கள். ஒருவரால் ஒரே நேரத்தில் கையையும் படத்தையும் பார்க்க முடியாது.

டெமோவில் கெட்டுப்போவது பெரும்பாலும் மின்சாரமும் வலைத்தொடர்பும்தான். நம்மூர் 230 வோல்ட், அமெரிக்காவிலும் கனடாவிலும் 120. அடாப்டரில் 100–240 என்று அச்சிட்டிருந்தால் முள் மாற்றி போதும். வெப்பமூட்டும் கருவிகள் ஓடாது என்பதால் தொடுவரைபடத் தாள்களை (சூடாக்கினால் கோடுகள் புடைக்கும் தாள்கள்) ஊரிலேயே சூடாக்கிப் புடைக்க வைத்து எடுத்துச் செல்லுங்கள். அரங்கின் வைஃபை உலாவியில் உள்நுழைவுப் பக்கம் கேட்கும். கருவிகளில் வைக்கும் இஎஸ்பி32 என்ற வழக்கமான சிறு வைஃபை பலகையால் அதைத் தாண்ட முடியாது, 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையும் அதற்குத் தெரியாது. சொந்தமாகச் சிறு ரவுட்டர் வைத்துக்கொள்வது நல்லது. ஐபோன் ஹாட்ஸ்பாட் என்றால் 'மேக்ஸிமைஸ் கம்பேட்டிபிலிட்டி'யை இயக்கினால்தான் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு இறங்கும். உதிரி பேட்டரிகள் கைப்பையில்தான் போக வேண்டும். 20,000 எம்ஏஎச் பவர்பேங்க் 74 வாட்-மணிதான், விமானத்தில் அனுமதிக்கும் 100க்குள் அடங்கிவிடும். குரலால் இயங்கும் கருவிக்கு வாயருகே மைக் உள்ள கம்பி ஹெட்செட் வேண்டும். அரங்க இரைச்சலில் மடிக்கணினி மைக் பக்கத்து மேசைக்காரர் பேச்சையும் சேர்த்து எடுக்கும். திரைவாசிப்பானைக் கேட்க புளூடூத் ஹெட்போன் வைத்தால் குரல் சற்றுப் பின்தங்கும், கருவி மந்தம் என்று பார்ப்பவர் நினைத்துக்கொள்வார்.

சக்கர நாற்காலியில் வருபவர் அருகே வர, மேசைக்கு அடியில் 27 அங்குல உயரம் முழங்கால் இடம் இருக்கிறதா என்று போனதும் பாருங்கள். துணி விரிப்பும் பெட்டிகளும் அந்த இடத்தைத்தான் முதலில் அடைக்கும்.

இந்தியாவிலிருந்து அனுப்புவோருக்கு ஒரே பெரிய இடர் காலம். சமர்ப்பிப்பு பெரும்பாலும் ஜூன் வாக்கில், மாநாடு அக்டோபர் கடைசியில். முடிவு வந்த பிறகு விசாவுக்கு ஓடினால் நேர்காணல் தேதிக்கே மாதக்கணக்கில் காத்திருக்க நேர்வதுண்டு. கட்டுரையை ஏற்றும் வாரத்திலேயே பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்துவிடுங்கள். இணையவழியாகக் கலந்துகொள்ள வழி உண்டா என்பதை அமைப்பாளர்களிடம் அப்போதே எழுதிக் கேளுங்கள்.