பகாவ்விலிருந்து சிரம்பான் வரை: நம்ம விவாகரத்து நடைமுறைக்கு என் மதிப்பெண்

மலேசியாவில் முஸ்லிம் அல்லாத நமக்கு இருக்கும் விவாகரத்து நடைமுறைக்கு ஐந்துக்கு இரண்டரை ஸ்டார் கொடுக்கிறேன். அந்த இரண்டரையும் அங்கே உட்கார்ந்து வேலை பார்க்கிற ஆட்களுக்கு. சட்டத்துக்கு இல்லை.

சித்தி மகள் மணவிலக்குக்கு மனு போட்டபோது கூடவே போய் வந்தவன் நான். தோட்டத்து ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா, என்பதால் பாரம் நிரப்புவது, மலாயில் கடிதம் எழுதுவது எல்லாம் எப்படியும் என் தலையில்தான் விழும். நெகிரி செம்பிலான் மாநிலத்துப் பகாவ் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் இதே மாதிரி அலைகிற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. வெளியே சொல்ல மாட்டார்கள், யாரிடம் கேட்பது என்றும் தெரியாது.

முதலில் பார்க்க வேண்டியது, கல்யாணம் பதிவானதா இல்லையா. முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம், அதாவது 164-ஆவது சட்டம், 1982 மார்ச் 1-ஆம் தேதி அமலுக்கு வந்தது. அதற்கு முன்னால் முறைப்படி தாலி கட்டியவர்களுக்குக் கவலை இல்லை, அந்தக் கல்யாணம் பதிவானதாகவே கணக்கு. அதற்குப் பிறகு கோயிலில் கட்டிவிட்டுப் பதிவிலாகா பக்கமே போகாமல் இருபது வருடம் குடும்பம் நடத்தியிருந்தாலும் சட்டப்படி அது கல்யாணம் ஆகாது. கல்யாணமே இல்லை என்றால் விவாகரத்து எங்கிருந்து வரும்? தோட்டத்தில் பாதிப் பேர் இதைப் பிரச்சினை வந்த பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். இன்னொன்று, கல்யாணமாகி 2 வருடம் முடியாமல் மனுவே போட முடியாது, போன் லைன் ஒப்பந்தம் மாதிரி. ரொம்பக் கொடுமையான நிலைமை என்று நீதிபதியிடம் காட்டினால்தான் விலக்கு.

டவுனில் முதலில் போன லாயர் ஆபீசுக்கு (பெயர் வேண்டாம்) ஒரு ஸ்டார்கூடக் கிடையாது. முன்பணம் எவ்வளவு என்று முதல் ஐந்து நிமிடத்திலேயே சொன்னார்களே தவிர, சட்டத்தில் இரண்டு வழி இருக்கிறது என்று கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. கணவன் மனைவி இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால் கூட்டு மனு போடலாம், சமரசத்துக்குப் போக வேண்டாம், நேராக உயர் நீதிமன்றம். ஒருவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் முதலில் சமரச மன்றம், அது சரிவராமல் போய் அங்கே சான்றிதழ் கொடுத்த பிறகுதான் மனு. இதை எங்களுக்கு விளக்கியது சட்ட உதவி இலாகா. வருமானம் குறைவாக உள்ளவர்களுக்கு மணவிலக்கு, ஜீவனாம்சம், பிள்ளைகள் பராமரிப்பு வழக்குகளை அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். கவுண்டரில் இருந்த பெண் ஒவ்வொரு காகிதத்தையும் எதற்கு என்று பொறுமையாகச் சொன்னார், என் தங்கச்சி அழுதபோது எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். என் இரண்டரையில் பெரிய பங்கு அவருக்குத்தான்.

சமரச அமர்வு எங்கள் வீட்டில் எல்லாரும் பயந்த அளவுக்கு இல்லை. யாரும் அதட்டவில்லை, "பிள்ளைகளுக்காகப் பொறுத்துப் போம்மா" என்கிற பல்லவியும் நான் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. லாயர் வந்து வாதாட முடியாது, வீட்டு ஆள் கூட இருக்கலாம். ஆனால் வர வேண்டிய கணவர் ஜொகூர் பாருவில் வேலை என்று வரவே இல்லை. சரி, இன்னொரு தேதி என்றார்கள், அதற்கும் வரவில்லை. 164-ஆவது சட்டத்தின் 106-ஆவது பிரிவு இந்தச் சமரச வேலையை 6 மாதத்துக்குள் முடிக்கச் சொல்கிறது, அழைத்தும் வேண்டுமென்றே வராதவர் என்றால் அந்தப் படியைத் தாண்டவும் வழி வைத்திருக்கிறது. இருந்தாலும் ஒவ்வொரு தேதிக்கும் அவள் நாள் சம்பளத்தை விட்டுவிட்டுத்தான் போனாள். வராதவருக்கு அந்த நஷ்டம் எதுவும் இல்லை.

இந்தப் பிரிவில் எனக்கு நிஜமாகவே கோபம் வரும் இடம் வேறு. ஆள் காணாமல் போய்விட்டார், வெளிநாட்டில் இருக்கிறார், 3 வருடமோ அதற்கு மேலோ சிறையில் இருக்கிறார், தீராத மனநோய் என்றெல்லாம் சமரசத்திலிருந்து விலக்குகளை வரிசையாக எழுதியிருக்கிறார்கள். அடி வாங்கிய பெண்ணுக்கு மட்டும் அந்த வரிசையில் இடம் இல்லை. "விதிவிலக்கான சூழ்நிலை" என்ற பொது வரிக்குள் அவள் நுழைந்து, நீதிமன்றத்தை நம்பவைத்து, விலக்கு வாங்க வேண்டும். இல்லையென்றால் அடித்தவனோடு ஒரே அறையில் உட்கார்ந்து சமரசம் பேச வேண்டும். எங்கள் கேசில் அடிதடி இல்லை, அதனால் தப்பித்தோம். 1994-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் சமூக நல இலாகா அதிகாரியே அவசரப் பாதுகாப்பு உத்தரவு கொடுக்கலாம், அது 7 நாள் செல்லும் என்று கொண்டுவந்தார்கள். அந்த அளவுக்கு யோசித்தவர்களுக்கு 106-இல் ஒரு வரி சேர்ப்பது கஷ்டமா?

திருத்தமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2017-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி 2018 டிசம்பர் 15-இல் அமலுக்கு வந்த திருத்தம் எங்களுக்கு நேராகவே உதவியது. பழைய சட்டத்தில் பிள்ளைக்குச் செலவுக்குக் கொடுப்பது பொதுவாக 18 வயதோடு நின்றுவிடும். இப்போது பிள்ளை மேற்படிப்போ பயிற்சியோ முடிக்கும்வரை கேட்கலாம். தங்கச்சியின் மூத்த மகள் ஐந்தாம் படிவம், அடுத்து எஸ்டிபிஎம் (ஆறாம் படிவத் தேர்வு) எடுக்க ஆசைப்படுகிறாள். அந்த ஒரு மாற்றத்துக்கே அரை ஸ்டார் கூடுதலாகக் கொடுக்கலாம் என்று நினைத்தேன், அப்புறம் சிரம்பான் கோர்ட்டுக்குப் போய் வந்த களைப்பில் விட்டுவிட்டேன். கணவனோ மனைவியோ இஸ்லாத்துக்கு மாறினால் மாறியவரும் மனு போடலாம் என்று ஆனதும் அதே திருத்தத்தில்தான். பிள்ளைகளின் மதத்தைப் பற்றிய 88ஏ பிரிவைக் கடைசி நேரத்தில் எடுத்துவிட்டார்கள். ஈப்போவைச் சேர்ந்த இந்திரா காந்தி என்ற தாயின் வழக்கில் 2018 ஜனவரி 29-ஆம் தேதி, நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம், பிள்ளையை மதம் மாற்றத் தாய் தகப்பன் இருவர் சம்மதமும் வேண்டும் என்று தீர்ப்பு சொன்னது. சட்டத்தில் எழுதியிருக்க வேண்டியதை ஒரு தாய் வருடக்கணக்கில் கோர்ட் ஏறிப் பெற வேண்டியிருந்தது.

ஆனால் எந்தத் திருத்தமும் தொடாத விஷயம் தூரம். முஸ்லிம் அல்லாதவர் மணவிலக்கு என்றால் உயர் நீதிமன்றம்தான், நெகிரி செம்பிலானில் அது சிரம்பானில் இருக்கிறது. பகாவ்விலிருந்து கோலா பிலா, அப்புறம் புக்கிட் புத்துஸ் மலைச்சாலை, அப்புறம் டவுன் நெரிசலில் பார்க்கிங் தேடல். கார் இல்லாதவர்கள் விடியற்காலையில் எழுந்து பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். காலை 9 மணிக்கு வரச்சொன்னார்கள் என்று ஓடிப் போய் உட்கார்ந்தால், நம் கேஸ் கூப்பிடும்போது பசியாறினது எல்லாம் செரித்து மதியச் சாப்பாட்டு நேரம் வந்திருக்கும். இதே நாட்டில் முஸ்லிம் குடும்பங்களுக்கு மாவட்ட அளவிலேயே சரியா (இஸ்லாமியச் சட்ட) கீழ் நீதிமன்றங்கள் இருக்கின்றன. அவர்களுக்கு ஏன் என்று கேட்கவில்லை. நமக்கு ஏன் இல்லை என்றுதான் கேட்கிறேன். ஜீவனாம்ச உத்தரவு வாங்கியும் பணம் வராத பெண்களுக்கு உதவ சரியா நீதித்துறை இலாகாவில் குடும்ப ஆதரவுப் பிரிவு என்றே ஒன்று வைத்திருக்கிறார்கள். நம் பக்கம் பணம் வரவில்லை என்றால் மறுபடியும் நாமே லாயரைத் தேட வேண்டும்.

புதுக் கட்டடம் கேட்கவில்லை. தகராறு இல்லாத கூட்டு மனுக்களையாவது உயர் நீதிமன்றத்துக்குக் கீழே உள்ள செஷன்ஸ் நீதிமன்றம் விசாரிக்கலாம் என்று சட்டத்தை மாற்றலாம். அதுவும் முடியாதென்றால், 2020-இல் சட்டம் திருத்தி ஆன்லைன் விசாரணைக்கு இடம் கொடுத்தாயிற்றே, மாவட்ட நீதிமன்றத்திலேயே ஓர் அறையும் ஒரு திரையும் வைத்து அங்கிருந்தே நீதிபதி முன்னால் ஆஜராக விடலாம். தோட்டத்து லயத்து (வரிசை) வீட்டில் இன்டர்நெட் லைன் கிடைக்காத பெண்ணிடம் "சூமில் வாம்மா" என்றால் அவள் எங்கே போவாள்?

இந்த வழியில் இறங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், எங்களுக்கு இது தாமதமாகத்தான் தெரிந்தது. விவாகரத்து முடியும்வரை செலவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. 1950-ஆம் ஆண்டின் மணமான பெண்கள், பிள்ளைகள் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் கீழ் நீதிமன்றத்திலேயே ஜீவனாம்சம் கேட்கலாம், பதிவாகாத உறவில் பிறந்த பிள்ளைக்கும் கேட்கலாம். பிள்ளை 7 வயதுக்குக் கீழே என்றால் தாயிடம் இருப்பதுதான் நல்லது என்று சட்டமே முதலில் எடுத்துக்கொள்கிறது, எதிர்த்தரப்பு மறுத்து நிரூபிக்கலாம், ஆனாலும் "பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வோம்" என்று மாமியார் வீட்டில் மிரட்டினால் உடனே பயந்து கையெழுத்துப் போடாதீர்கள். தீர்ப்பு வந்த அன்றே எல்லாம் முடிந்துவிட்டது என்றும் நினைக்க வேண்டாம், முதல் உத்தரவு முழுமையாக 3 மாதம் ஆகும், அதற்குள் மறுமணத்துக்குத் தேதி குறித்துவிடாதீர்கள். போகும்போது திருமணச் சான்றிதழ், ஐசி (அடையாள அட்டை), பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், சம்பளச் சீட்டு எல்லாம் அசலும் நகலுமாக ஒரே பைலில் இருக்கட்டும். நகல்களைப் பகாவ்விலேயே எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.